‘ஜஸ்ட் சே நோ’ கையில் இருக்கிறது: இப்போதா, அப்புறமா?

மோனோபோலி டீல் சீட்டாட்டத்தில் புதிதாக உட்காருகிறவர்களுக்கு அடிக்கக் கற்றுக்கொடுப்பது சுலபம். ரெண்ட் சீட்டு வந்தால் வசூல் பண்ணு, ஸ்லை டீல் வந்தால் அடுத்தவர் நிலத்தைத் தூக்கு. அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள். தடுக்கத்தான் வராது. கையில் அடுத்தவர் அடியை ரத்து செய்யும் ஒரு ஜஸ்ட் சே நோ சீட்டு விழுந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். யாரோ பிறந்தநாள் சீட்டைப் போட்டு இரண்டு மில்லியன் கேட்டதற்கே பதறிப்போய் அதைப் போட்டுவிடுவார்கள். இல்லையென்றால் கடைசிவரை பொத்திப் பொத்தி வைத்திருந்து, ஆட்டம் முடிந்து சீட்டைப் பொறுக்கும்போது “ஐயோ, என்கிட்ட இருந்துச்சே” என்பார்கள்.

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி இந்த ஆட்டம்தான் ஓடும். நான், அண்ணி, தம்பி, பெரியப்பா. பெரியப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனாலோ என்னவோ, எந்த ஆட்டமானாலும் அவருக்கு நாலு ரயில் சீட்டும் வேண்டும். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு அன்று ஒரு மூலையில் பெரியவர்கள் ‘இருபத்தொன்று’ சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு மூலையில் சின்னப் பிள்ளைகள் ‘அத்தை, சொல்லிக்கொடுங்க’ என்று இந்தக் கட்டோடு என்னைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

விதி தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். உங்கள் முறை வந்ததும் இரண்டு சீட்டு எடுக்க வேண்டும், மூன்று சீட்டு வரை போடலாம். முறை முடியும்போது கையில் ஏழுக்கு மேல் இருக்கக்கூடாது. மூன்று வெவ்வேறு நிறத்தில் முழு செட்டு சேர்த்தவர் ஜெயித்தார். யாராவது உங்களிடம் பணம் கேட்டால், மேசையில் நீங்கள் போட்டு வைத்திருக்கும் பேங்க்கிலிருந்தும் நிலத்திலிருந்தும்தான் கொடுக்க வேண்டும், கைச் சீட்டைக் கொடுக்க முடியாது. எதைக் கொடுப்பது என்பது கொடுப்பவர் இஷ்டம். மீதிச் சில்லறை கிடையாது. உங்கள்மேல் ஒருவர் போட்ட ஆக்‌ஷன் சீட்டை ஜஸ்ட் சே நோ ரத்து செய்யும். அதற்கு மேல் அவரும் ஒரு ஜஸ்ட் சே நோ போட்டால் அடி மறுபடி உயிர் பெறும். நான் ஆடும் சீட்டுக்கட்டில் விளையாட்டுச் சீட்டு 106. அதில் ஜஸ்ட் சே நோ மூன்று, அடுத்தவரின் முழு செட்டைப் பறிக்கும் டீல் பிரேக்கர் இரண்டு.

மொத்தக் கட்டிலும் மூன்றே மூன்று மறுப்புதான் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நாலு பேர் ஆடும் மேசையில் ஒரு ஆட்டத்தில் உங்கள்மேல் விழப்போகும் அடி எத்தனையோ. எல்லாவற்றையும் தடுக்க முடியாது. ஆகவே ‘தடுக்கணுமா’ என்று கேட்பதற்கு முன்னால், தடுக்காமலேயே எத்தனை அடியைத் தாங்கலாம் என்று பார்க்க வேண்டும்.

முதல் காவல் பேங்க்தான்

அடி தாங்குவது பேங்க்கின் வேலை. நிலம் வந்தவுடன் நிலமாகவே போட்டுக்கொண்டு, பேங்க்கைக் காலியாக வைத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள்மேல் ஒரு டெப்ட் கலெக்டர் விழுந்தால் ஐந்து மில்லியனுக்கு நிலத்தைத்தான் அவிழ்க்க வேண்டும். ஐந்தாறு மில்லியன் பேங்க்கில் இருந்தால் அதே அடி வலிக்காது.

ஆனால் எந்த நோட்டில் இருக்கிறது என்பதும் முக்கியம். பத்து மில்லியன் நோட்டு கட்டில் ஒன்றே ஒன்று. அது வந்த சந்தோஷத்தில் வெறும் பேங்க்கில் அதை மட்டும் போட்டு வைத்தால், பிறந்தநாளுக்கு இரண்டு மில்லியன் கேட்பவருக்கும் பத்தையே நீட்ட வேண்டி வரும், இல்லையென்றால் நிலத்தைக் கொடுக்க வேண்டும். நான் முதலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சில்லறையைப் போடுவேன். பெரிய நோட்டு கையில் தூங்கட்டும். பாஸ் கோ சீட்டு பத்து இருக்கிறது. ஆரம்பத்தில் அதை இரண்டு சீட்டு எடுக்கப் பயன்படுத்துங்கள். ஆட்டம் முற்றிய பிறகு சில நேரம் அது ஒரு மில்லியன் சில்லறையாகப் பேங்க்கில் கிடப்பதே மேல்.

இன்னொன்று: பத்து நிறத்துக்கும் பொருந்தும் அந்த வானவில் நிலச் சீட்டுக்குப் பண மதிப்பே இல்லை. அதனால் வாடகைக்கோ கடனுக்கோ அதை யாரும் உங்களிடம் வாங்க முடியாது. திருடினால்தான் போகும். பேங்க் மெலிந்திருக்கும் நேரத்தில் அதை மேசையில் போடத் தயங்காதீர்கள்.

பணத்தைப் பார்க்காதீர்கள், யாரிடம் போகிறது என்று பாருங்கள்

ஜஸ்ட் சே நோ போடலாமா என்று யோசிக்கும்போது புதியவர்கள் பார்ப்பது தொகையை. எட்டு மில்லியன் கேட்டால் தடுப்பார்கள், இரண்டு கேட்டால் விடுவார்கள். நான் பார்ப்பது வேறு இரண்டு விஷயம். இந்த அடி விழுந்தால் நான் எத்தனை சுற்று பின்னால் போவேன்? அடித்தவர் ஜெயிக்க எவ்வளவு கிட்டே போவார்? இரண்டுக்கும் பதில் ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்றால், தொகை எவ்வளவாக இருந்தாலும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவேன்.

ஒரு நிலையைக் கிட்டத்தில் பார்ப்போம். என் முன்னால் பச்சை முழு செட்டு. மூன்று சீட்டு, ஒவ்வொன்றும் நாலு மில்லியன் மதிப்பு. வெளிர்நீலம் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு மில்லியன். பேங்க்கில் இரண்டு மில்லியன் நோட்டு ஒன்று, ஒரு மில்லியன் நோட்டு ஒன்று. கையில் ஜஸ்ட் சே நோ. அண்ணிக்கு ஆரஞ்சு முழு செட்டு, கூடவே தனியாக ஒரு வெளிர்நீலம். அண்ணி டெப்ட் கலெக்டரை என் பக்கம் தள்ளி, “அஞ்சு மில்லியன், எடு” என்கிறார்.

எப்படிக் கொடுப்பது? பேங்க்கில் உள்ள மூன்றும் வெளிர்நீலம் இரண்டும் சேர்த்தால் சரியாக ஐந்து. கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு சீட்டும் அண்ணியிடமிருக்கும் ஒன்றோடு சேர்ந்தால் வெளிர்நீலம் முழுசு, அவருக்கு இரண்டாவது செட்டு. என் கையாலேயே கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வேறு வழி, பச்சையில் ஒன்றும் ஒரு மில்லியன் நோட்டும். அதுவும் சரியாக ஐந்துதான், ஆனால் என்னிடம் இருக்கும் ஒரே செட்டு உடையும். இரண்டு வழியிலும் அடி ஐந்து மில்லியனோடு நிற்கவில்லை. ஆகவே இங்கே ஜஸ்ட் சே நோ போட வேண்டும், யோசிக்கவே வேண்டாம்.

இப்போது அதே அண்ணி, அதே டெப்ட் கலெக்டர், ஆனால் என் பேங்க்கில் ஒரு ஐந்து மில்லியன் நோட்டு கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். நோட்டைக் கொடுத்துவிட்டு “இன்னும் வேணுமா அண்ணி?” என்று கேட்பேன். சீட்டு ஒன்று, தொகை ஒன்று, முடிவு நேரெதிர்.

டீல் பிரேக்கர் விழும்போது

முழு செட்டையே தூக்கும் சீட்டு இது என்பதால் எல்லோருக்கும் பயம். பயப்படத்தான் வேண்டும், ஆனால் எல்லா டீல் பிரேக்கரையும் தடுக்க வேண்டியதில்லை. அடிப்பவரிடம் ஏற்கெனவே இரண்டு செட்டு இருந்து, உங்களுடையது மூன்றாவதாகப் போகிறதென்றால் பேச்சே இல்லை. தடுக்காவிட்டால் ஆட்டம் முடிந்தது. அவரிடம் ஒரு செட்டு இருந்தால், நீங்கள் இழப்பது எந்த நிறம் என்று பாருங்கள். அடர்நீலம் இரண்டே சீட்டுதான், ஆனால் முழு வாடகை எட்டு. அதன்மேல் வீடும் ஹோட்டலும் வைத்திருந்தால் பதினைந்து. செட்டு போகும்போது வீடும் ஹோட்டலும் கூடவே போகும், அடுத்த சுற்றிலேயே அந்த வாடகை உங்களிடம் திரும்பி வந்து கேட்கும். அதைத் தடுங்கள்.

அடிப்பவரிடம் ஒரு செட்டும் இல்லை, உங்களிடமிருந்து எடுப்பது பழுப்பு என்றால்? நான் விட்டுவிடுவேன். பழுப்பின் முழு வாடகையே இரண்டு மில்லியன். அதற்காக எதிராளி கட்டில் உள்ள இரண்டு டீல் பிரேக்கரில் ஒன்றைச் செலவழித்துவிட்டார், என்னுடைய மறுப்பு கையிலேயே இருக்கிறது. பெரியப்பாவுக்கு இது ஒத்துவராது. “செட்டு செட்டுதாம்மா, பழுப்பா இருந்தா என்ன, ஜெயிக்கிற கணக்குல அதுவும் ஒண்ணுதானே” என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு அது இரண்டாவது செட்டாக இருந்தால் நானும் ஒருவேளை தடுப்பேன். முதல் செட்டாக இருந்தால் மாட்டேன்.

இங்கேதான் எண்ணிக்கை உதவும். கழித்துப்போட்ட சீட்டுக் குவியலில் டீல் பிரேக்கர் இரண்டும் விழுந்துவிட்டால், மறுபடி கலைக்கும்வரை உங்கள் முழு செட்டை யாரும் திருட முடியாது. ஸ்லை டீலும், நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ளும் ஃபோர்ஸ்ட் டீலும் முழு செட்டைத் தொடாது. மிச்சம் இருப்பது பணம் கேட்டு வரும் அடி மட்டும்தான், அதற்குப் பேங்க் போதும். அந்த நேரத்தில் தாராளமாகச் செட்டை முடித்துப் போடுங்கள். இரண்டும் இன்னும் வெளியே வரவில்லை என்றால், மூன்றாவது சீட்டு கையில் இருந்தாலும் அடக்கி வைப்பதா, முடிப்பதா என்று யோசிக்க வேண்டும். முடிக்காத செட்டு ஸ்லை டீலுக்கு இரை, முடித்த செட்டு டீல் பிரேக்கருக்கு இரை. நான் பெரும்பாலும் முடித்துவிடுவேன், ஏனென்றால் இரண்டே இரண்டு சீட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். பெரியப்பாவின் ரயில் செட்டு ஏன் அடிக்கடி கொள்ளை போகிறது என்றால், அது நாலு சீட்டு செட்டு. மூன்று சேர்ந்து நாலாவதுக்காகக் காத்திருக்கும் அந்த நேரம் முழுக்க வாசல் திறந்தே கிடக்கும். அதில் வீடும் வைக்க முடியாது, முழு வாடகையும் நாலு மில்லியன்தான். சொன்னால் கேட்கவா போகிறார்?

மறுப்பு அடிக்கவும் உதவும்

ஜஸ்ட் சே நோவைக் காவலுக்கு மட்டும் என்று நினைக்கிறவர்கள் அதன் முக்கால் பலனை இழக்கிறார்கள். உங்களிடம் இரண்டு செட்டு, கையில் டீல் பிரேக்கரும் ஜஸ்ட் சே நோவும். டீல் பிரேக்கரைத் தம்பியின் மஞ்சள் செட்டுமேல் போடுகிறீர்கள். அவன் “நோ” என்று மறுப்பை வைக்கிறான். நீங்கள் அதற்கு மேல் உங்கள் மறுப்பை வைக்கிறீர்கள். மஞ்சள் உங்களுடையது, ஆட்டமும். இரண்டு சுற்றுக்கு முன்னால் ஒரு நாலு மில்லியன் வாடகைக்கு அதைப் போட்டிருந்தால் இது நடக்காது. ஆகவே இரண்டு செட்டு என் முன்னால் வந்துவிட்டால், மறுப்பின் விலை என் கணக்கில் ஏறிவிடும். அதற்குப் பிறகு பணத்துக்காக அதைத் தொடவே மாட்டேன். செட்டு உடையும் என்றால் மட்டும்தான்.

அதேபோல், குவியலில் இரண்டு ஜஸ்ட் சே நோ கிடந்து மூன்றாவது உங்கள் கையில் இருந்தால், நீங்கள் அடிக்கும் எந்த அடியையும் இந்த மேசையில் யாராலும் தடுக்க முடியாது. துணிந்து அடிக்க வேண்டிய சுற்று அது.

நாலு பேர் மேசையில் யார் தடுப்பது?

இதைச் சொல்லித்தருகிறவர்கள் குறைவு, ஆனால் பலபேர் ஆடும் ஆட்டத்தில் அதிகம் தோற்பது இதனால்தான். உங்கள் ஜஸ்ட் சே நோ உங்களை மட்டும்தான் காக்கும். தம்பி இரண்டு செட்டோடு உட்கார்ந்து, மூன்றாவதைப் பெரியப்பாவிடமிருந்து டீல் பிரேக்கரில் தூக்கினால், என் கையில் இரண்டு மறுப்பு இருந்தும் வேடிக்கைதான் பார்க்க முடியும். ஆகவே முந்திக்கொண்டிருப்பவரை அவர் முறை வருவதற்கு முன்பே குறைக்க வேண்டும். அதுவும் தடுப்புதான்.

ஆனால் யார் குறைப்பது? தம்பியிடம் இரண்டு செட்டு, சிவப்பு இரண்டு, இன்னும் ஒரு சிவப்பு வந்தால் ஜெயிப்பான். முறை என்னிடம் இருக்கிறது, அடுத்து அண்ணி, அடுத்து பெரியப்பா, அதற்குப் பிறகு தம்பி. என் கையில் ஸ்லை டீல் இருக்கிறது. நான் ஒரு சிவப்பைத் தூக்கினால் தம்பி நிற்பான், ஆனால் அண்ணியும் பெரியப்பாவும் தங்கள் சீட்டைச் செலவழிக்காமல் சொகுசாக முன்னேறுவார்கள். நான் தூக்காவிட்டால் அவர்கள் தூக்குவார்களா? எல்லோரும் ‘அடுத்தவர் பார்த்துக்கொள்வார்’ என்று இருந்தால் தம்பி ஜெயித்துவிடுவான்.

நான் பார்ப்பது அவர்கள் கையில் இருக்கும் சீட்டின் எண்ணிக்கையை. எனக்கும் தம்பிக்கும் நடுவில் இருப்பவர்களிடம் நாலைந்து சீட்டு இருந்தால், பொறுப்பை அவர்களிடம் தள்ளிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். தம்பிக்குச் சரியாக முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் கட்டாயம் அதிகம், ஏனென்றால் அவருக்குப் பிறகு ஆள் கிடையாது. அவர்கள் கை காலியாகவோ ஒரே சீட்டோடோ இருந்தால் நானே தூக்கிவிடுவேன். பேசியும் பார்க்கலாம், ஆட்டத்தில் வாய்க்குத் தடையில்லை. “பெரியப்பா, உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டால் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கூரையைப் பார்ப்பார். இருக்கிறது என்று அர்த்தம்.

திருட்டுச் சீட்டு இல்லாவிட்டாலும் வழி உண்டு. முந்துகிறவரின் பேங்க் காலியாக இருந்தால் இரண்டு நிற ரெண்ட் சீட்டு போதும், அது மேசையில் எல்லோரிடமும் வசூல் பண்ணும். பணம் இல்லாதவர் நிலத்தை அவிழ்த்தாக வேண்டும். எதை அவிழ்ப்பது என்று அவர்தான் முடிவு பண்ணுவார், ஆனால் இரண்டு செட்டும் பாதிச் செட்டும் மட்டுமே வைத்திருப்பவருக்கு நல்ல தேர்வு எதுவும் இருக்காது. எல்லா நிறத்துக்குமான ரெண்ட் சீட்டு ஒருவரை மட்டும்தான் அடிக்கும் என்பதால், அதை இந்த மாதிரி நேரத்துக்கு வைத்திருப்பேன்.

கையும் முகமும்

கையில் ஒரு சீட்டும் இல்லாமல் உங்கள் முறை வந்தால் இரண்டுக்குப் பதில் ஐந்து சீட்டு எடுக்கலாம். இந்த ஆசையில் பலபேர் கையை முழுதாகக் காலி பண்ணுவார்கள். ஒரு சுற்று முழுக்க ‘என்னிடம் மறுப்பு இல்லை’ என்று பலகை மாட்டிக்கொண்டு உட்கார்வதற்குச் சமம் அது. உங்கள் முன்னால் திருட லாயக்கான செட்டு எதுவும் இல்லாத ஆரம்பக் கட்டத்தில் தாராளமாகச் செய்யுங்கள். இரண்டு செட்டு வந்த பிறகு செய்யாதீர்கள். ஒரு உதவாத சீட்டாவது கையில் இருக்கட்டும். அது என்ன என்று மற்றவர்களுக்குத் தெரியாது, டீல் பிரேக்கர் வைத்திருப்பவர் ஒரு நிமிடம் யோசிப்பார்.

அதே காரணத்துக்காக, அடி விழும்போது ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள். மறுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் கைச் சீட்டை ஒருமுறை விரித்துப் பார்த்து, அதே நேரம் எடுத்து, பிறகுதான் கொடுப்பேன். என் அண்ணன் மகன் யாராவது அடித்தவுடன் வலது ஓரத்துச் சீட்டைத் தொடுவான். அங்கேதான் வைத்திருக்கிறான் என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. தொடாத நாளில் எல்லோரும் சேர்ந்து அவனை மொட்டையடிப்பார்கள்.

நீங்கள் சரியாகத்தான் தடுக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள ஆட்டம் முடிந்ததும் இரண்டைப் பாருங்கள். தோற்கும்போது அடிக்கடி கையில் ஜஸ்ட் சே நோ மிஞ்சுகிறதென்றால் அளவுக்கு மீறிப் பொத்துகிறீர்கள். இடையில் ஒரு வாடகையைத் தடுத்திருந்தால் செட்டு தப்பியிருக்குமா என்று பின்னோக்கி ஆடிப் பாருங்கள். டீல் பிரேக்கர் விழும்போதெல்லாம் கையில் மறுப்பு இல்லை என்றால் பணத்துக்காக வீணாக்குகிறீர்கள், பேங்க்கைப் பெருக்குங்கள். கற்றுக்கொள்கிற பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் எல்லோர் கையையும் திறந்து வைத்து ஆடினால் இன்னும் வேகமாகப் பிடிபடும். ஒவ்வொரு அடிக்கும் ‘நீயா இருந்தா என்ன பண்ணுவே’ என்று கேட்டுக்கொண்டே போகலாம்.

எடுக்கும் கட்டு தீர்ந்து, குவியலைக் கலைத்து மறுபடி வைக்கும்போது உங்கள் எண்ணிக்கை எல்லாம் புதிதாகத் தொடங்கும். போன டீல் பிரேக்கர் திரும்பி வரும், போன மறுப்பும் வரும். ஆனால் யாராவது ஒரு டீல் பிரேக்கரை ஐந்து மில்லியனாகவோ, ஜஸ்ட் சே நோவை நாலு மில்லியனாகவோ பேங்க்கில் போட்டிருந்தால் அது பணமாகவே சுற்றும், குவியலுக்கு வராது. அதனால் கலைப்பதற்கு முன்னால் எல்லோர் பேங்க்கையும் ஒருமுறை கண்ணால் மேய்ந்துவிட்டு, அங்கே கிடப்பதைக் கழித்துக்கொண்டு எண்ண ஆரம்பியுங்கள்.